மூக்கில் வைக்கும் அந்தக் குழாய் ஆக்சிஜனுக்கு அல்ல



கொரோனா நேரத்தில் நம் டிரஸ்டின் ஆக்சிஜன் கருவி வீடு வீடாகப் போனது பலருக்கும் நினைவிருக்கும். அதோடு வாங்கிய மூக்குக் குழாய்கள், அதாவது கேனுலா, பிரிக்காத பாக்கெட்டுகளாக இன்னும் சில நம் அலமாரியில் இருக்கின்றன. சென்ற மாதம் அஸர் தொழுகைக்குப் பிறகு ஒரு சகோதரர் அலுவலகத்துக்கு வந்தார். "பாய், பையனுக்குப் பெங்களூரில் மறுபடியும் ஸ்லீப் ஸ்டடி எழுதியிருக்கிறார்கள். மூக்கில் வைக்கும் ட்யூப் நம்மிடம் இருக்கிறதே, ஒன்று கொடுங்கள், அங்கே காசு மிச்சமாகும்" என்றார்.

நாங்களும் எடுத்துக் கொடுக்கத்தான் எழுந்தோம். பையனுக்கு 6 வயது. பாக்கெட்டில் பெரியவர்களுக்கானது என்று போட்டிருந்தது. அதனால் ஒரு டாக்டருக்குப் போன் செய்து கேட்டோம். "மறுபடியும்" என்று அவர் சொன்னதன் காரணமும் அப்போதுதான் வெளியே வந்தது. முதல் முறை துணைக்குப் போன நானிமா, பேரனுக்கு ஆக்சிஜன் வைத்துவிட்டார்கள், உயிருக்கு ஆபத்து என்று பயந்து, நடு இரவில் குழாயைக் கழற்றிவிட்டார். அவரைக் குறை சொல்ல முடியாது. 2021-ல் அந்தக் குழாயை எந்த நிலையில் பார்த்தோம் என்பது நம் எல்லோருக்கும் தெரியும். ஆனால் ஒரு இரவுப் பரிசோதனையும், தகப்பனாரின் இரண்டு நாள் சம்பளமும் வீணாயின.

இந்தக் குழாய் மூக்குக்குள் எதையும் அனுப்புவதில்லை. குழந்தை மூச்சை இழுக்கும்போதும் விடும்போதும் மூக்கின் வாசலில் காற்றின் அழுத்தம் மிகச் சிறிதாக மாறும். அந்த மாற்றத்தைக் குழாய் வழியாக ஒரு கருவி உணர்ந்து, கம்ப்யூட்டரில் அலையாக வரைகிறது. மூச்சு சீராக ஓடினால் அலை உருண்டையாக எழும். தொண்டை பாதி அடைத்தால் அலையின் தலை தட்டையாகும். முழுதும் அடைத்தால் கோடு படுத்துவிடும். நெஞ்சு மட்டும் ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். குழந்தைகளுக்குப் பல இடங்களில் அதே குழாய் வழியே வெளிமூச்சையும் கொஞ்சம் இழுத்து, கார்பன் டை ஆக்சைடு எவ்வளவு என்று பார்க்கிறார்கள். தூங்கும் நேரத்தில் கால் பங்குக்கு மேல் அது 50-ஐத் தாண்டி நின்றால், குழந்தைக்கு மூச்சு போதவில்லை என்று பொருள்.

இவ்வளவு பாடு எதற்கு? குறட்டை விட்டுத் தூங்கும் பிள்ளையை 'அசந்து தூங்குகிறான், மாஷா அல்லாஹ்' என்று நாம் பார்த்துக்கொண்டிருக்கிறோம். வாரத்தில் மூன்று இரவுக்கு மேல் குறட்டை, வாயைத் திறந்து தலையைப் பின்னால் சாய்த்துத் தூங்குவது, மூச்சு நின்று திடுக்கென்று இழுப்பது, வியர்வை, நின்றுபோன படுக்கை நனைத்தல் திரும்புவது: இவை இருந்தால் டாக்டரிடம் காட்ட வேண்டும். பெரும்பாலும் காரணம் டான்சிலும், மூக்குக்குப் பின்னால் வளர்ந்த அடினாய்டு சதையும்தான். இரவெல்லாம் மூச்சுக்குப் போராடிய பிள்ளை காலை மதரஸாவில் ஓதும்போது தூங்கி விழும், இல்லையென்றால் ஒரு இடத்தில் உட்காராமல் ஓடும். அவனுக்கு நாம் வைத்த பெயர் சோம்பேறி, சேட்டைக்காரன். குழந்தைகளுக்கும் தூக்கத்தில் மூச்சு நிற்கும் என்பதை 1976-ல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டில் கில்லெமினோ என்ற டாக்டரும் அவருடன் இருந்தவர்களும் 8 குழந்தைகளை வைத்து எழுதினார்கள். மருத்துவ உலகம் கவனிக்கவே அவ்வளவு காலம் ஆகியிருக்கிறது.

எல்லாக் குழந்தைக்கும் ஆபரேஷன் தேவையில்லை. 2013-ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், 5 முதல் 9 வயதுவரை உள்ள 464 குழந்தைகளைப் பார்த்தார்கள். ஆபரேஷன் செய்தவர்களில் 79 சதவீதம் பேருக்கு ஏழு மாதத்தில் தூக்கப் பரிசோதனை சரியானது. செய்யாமல் கவனித்து வந்தவர்களிலும் 46 சதவீதம் பேருக்குச் சரியானது. ஆக, கத்தி வைப்பதா, காத்திருப்பதா என்பதற்கு அந்த இரவின் அளவு நம்பும்படி இருக்க வேண்டும். அது மூக்கில் குழாய் சரியாக நின்றதா என்பதையும் பொறுத்தது.

அலமாரிக் குழாய்க்கு வருவோம். டாக்டர் வேண்டாம் என்றார். பெரியவர்களின் குழாய் முனை சின்ன மூக்கை அடைத்துவிடும். அடைத்தால் மூச்சும் சிரமம், அளவும் தப்பு. மூக்குத் துவாரத்தில் பாதிக்கு மேல் முனை நிரப்பக் கூடாது. கைக்குழந்தைக்கு ஒன்று, சிறுவருக்கு ஒன்று என்று அளவுகள் தனித்தனி. லேபின் கருவிக்குப் பொருந்தும் முனையும் அவர்களிடம்தான் இருக்கும். ஒருவருக்கு வைத்ததை இன்னொருவருக்கு வைக்கவும் கூடாது. அடினாய்டு பிள்ளைகள் வாயால் மூச்சு விடுபவர்கள் என்பதையும் மறக்க வேண்டாம். மூக்குக் குழாய் மட்டும் இருந்தால், பிள்ளை வாயால் நன்றாக மூச்சு விட்டுக்கொண்டிருக்கும்போதே 'மூச்சு நின்றது' என்று கோடு காட்டும். அதனால்தான் மேலுதட்டில் வெப்பத்தை உணரும் சிறு கம்பி ஒன்றையும் சேர்த்து வைக்கிறார்கள். வாய்க்கு முன் நீட்டிய கேனுலாவும் உண்டு. "என் பிள்ளை வாயால்தான் மூச்சு விடுவான்" என்று தாய்மார்கள் டெக்னீஷியனிடம் தயங்காமல் சொல்லுங்கள்.

குழாய் காதுக்குப் பின்னால் போய் தாடைக்குக் கீழே சேரும். அங்கே ஒரு விரல் நுழையும் இடைவெளி வேண்டும். கன்னத்தில் மென்மையான டேப் ஒட்டுவார்கள். டேப்பில் அரிப்பு வரும் பிள்ளை என்றால் முன்னதாகச் சொல்லிவிடுங்கள். சளி பிடித்திருந்தால் முந்தின நாளே லேபுக்குப் போன் செய்து, வரலாமா, தேதி மாற்றலாமா என்று கேளுங்கள். தூங்கட்டுமே என்று இருமல் மருந்தை நீங்களாகக் கொடுக்காதீர்கள். அன்று தலைக்கு எண்ணெய் வேண்டாம், தலையில் ஒட்டும் வயர்கள் நிற்காது. விரலில் அடர்த்தியாக மருதாணி இருந்தால் ஆக்சிஜன் அளவு சில நேரம் சரியாக வராது, அதையும் சொல்லிவிடுங்கள்.

பிள்ளையைப் பழக்குவதுதான் பெரிய வேலை. லேபில் ஒரு கேனுலா கேட்டு வாங்க முடிந்தால், விழித்திருக்கும்போது, நீங்கள் பக்கத்தில் இருக்க, ஐந்து நிமிடம் போட்டுப் பழக்குங்கள். முதலில் வாப்பா போட்டுக் காட்டட்டும், பிள்ளை சிரிக்கும். தூங்கும்போது வீட்டில் போட்டு விடாதீர்கள்.

நம் பெண்களுக்கு ஒரு தகவல். அந்த அறையில் இரவு முழுதும் வீடியோ பதிவாகும். கூடவே தங்கும் தாய் அதற்குத் தக்கபடி உடுத்திக்கொள்ளலாம். பெண் டெக்னீஷியன் வேண்டும் என்றும் முன்பே கேட்கலாம்.

முதலில் பெங்களூருக்கு ஓட வேண்டியதில்லை. 2022 ஜனவரியில் திறந்த நம் மாவட்ட அரசு மருத்துவக் கல்லூரி பக்கத்திலேயே போலுப்பள்ளியில் இருக்கிறது. அங்கே காது மூக்கு தொண்டைப் பிரிவில் காட்டுங்கள். பிள்ளை தூங்குவதை இரண்டு மூன்று இரவு போனில் வீடியோ எடுத்துப் போங்கள். வாப்பா நைட் ஷிஃப்ட் என்றால் உம்மா எடுக்கலாம். ஸ்லீப் ஸ்டடி எழுதினால், ஓசூர் சாலையிலேயே இருக்கும் நிம்ஹான்ஸ் போன்ற இடங்களில் குழந்தைக்குச் செய்கிறார்களா என்று கேட்டுக்கொண்டு கிளம்புங்கள்.

ரிப்போர்ட் வந்ததும் பக்கத்து வீட்டுப் பெரியவரின் எண்ணோடு ஒப்பிட வேண்டாம். பெரியவர்களுக்கு மணிக்கு 5 தடவை வரை விட்டுவிடுவார்கள்; குழந்தைக்கு 1-ஐத் தாண்டினாலே கணக்கில் எடுப்பார்கள். மூக்குக் குழாயின் பதிவு எத்தனை மணி நேரம் நன்றாக இருந்தது என்றும் டாக்டரிடம் கேளுங்கள்.

அந்தப் பையனின் இரண்டாவது இரவு அல்ஹம்துலில்லாஹ் ஒழுங்காக முடிந்தது. துணைக்கு அதே நானிமாதான் போனார். இந்த முறை குழாய் நழுவியபோது டெக்னீஷியனை எழுப்பியதும் அவர்தான். மணிக்கு 7 என்று வந்திருக்கிறது. பரீட்சை முடிந்ததும் ஆபரேஷன். துஆ செய்யுங்கள். பெங்களூர் போக வண்டிச் செலவுக்கு உதவி தேவைப்படுவோர் இஷாவுக்குப் பிறகு அலுவலகத்தில் சொல்லலாம்.