விந்தி ஓடும் குட்டி இன்ஜின்: பழியெல்லாம் மோட்டார் மேல்

திருச்சி கே.கே. நகரிலிருந்து பொன்மலை ரயில்வே பட்டறை எட்டும் தூரம்தான். 1928-இல் நாகப்பட்டினத்திலிருந்து இடம் மாறி வந்த பட்டறை. நீலகிரி மலை ரயிலுக்கு இந்த நூற்றாண்டிலும் புது நீராவி இன்ஜின் கட்டிக் கொடுத்திருக்கிறது. அதன் பக்கத்திலேயே இருந்துகொண்டு, மேசைமேல் 12 வோல்ட்டில் ஓடும் மாடல் நீராவி இன்ஜின் விந்தி ஓடினால் மட்டும் ஆளுக்கொரு வைத்தியம் சொல்கிறோம்.

நம்பிக்கை: விந்தி ஓடினால் மோட்டார் போச்சு.

உண்மை: மோட்டார் சாவது அபூர்வம். இரண்டு ஒயரை நேராக மோட்டார் முனைகளில் தொட்டுப் பாருங்கள். சீராகச் சுற்றினால் மோட்டார் நிரபராதி. பெரும்பாலும் கரண்ட் வரும் வழியில்தான் கோளாறு. அழுக்குச் சக்கரம், வளைந்த பிக்கப் தகடு, கறுத்த தண்டவாளம் என்று தேடுங்கள். எங்கே நிற்கும் என்றே சொல்ல முடியாமல் திக்கித் திக்கிப் போவது இந்த வகை.

நம்பிக்கை: தண்டவாளத்தை உப்புத்தாளால் தேய்த்தால் பளிச்சென்று ஆகும்.

உண்மை: ஆகும், ஒரு வாரத்துக்கு. தாள் போட்ட கீறல்களில் அழுக்கு முன்னைவிட வேகமாகச் சேரும். மொபைல் சர்வீஸ் கடைகளில் ‘ஐபிஏ’ என்று சொல்லும் திரவத்தைத் துணியில் நனைத்துத் துடைத்தால் போதும். சுவிட்சை அணைத்துவிட்டுத் துடையுங்கள்; அது எளிதில் தீப்பிடிக்கும்.

நம்பிக்கை: எண்ணெய் விட்டால் எல்லாம் சரியாகும்.

உண்மை: தேங்காய் எண்ணெய் மார்கழி விடியலில் உறையும், மற்ற நாளில் வழிந்து, நம் ஊர்த் தூசியோடு சேர்ந்து களிம்பாகும். மோட்டாரின் பிரஷ் பக்கம் வழிந்தால் புதுக் கோளாறு. பிளாஸ்டிக்கைக் கெடுக்காத மெல்லிய எண்ணெய், ஊசி முனையில் ஒரு சொட்டு, அச்சுக்கு மட்டும்.

நம்பிக்கை: நீராவி இன்ஜின் என்றால் குலுங்கத்தானே செய்யும்!

உண்மை: இது பெரிய இன்ஜினுக்கே அவதூறு. இரண்டு சிலிண்டர் இன்ஜினில் இடது கிராங்குக்கும் வலது கிராங்குக்கும் இடையே கால் சுற்று, அதாவது 90 பாகை, வித்தியாசம் வைப்பார்கள். ஒரு பக்க பிஸ்டன் முனையில் தள்ள வலுவில்லாமல் நிற்கும்போது மறுபக்கம் முழு வலுவோடு தள்ளும். சத்தம்தான் சுற்றுக்கு நான்கு முறை. சக்கரம் சீராகவே உருளும்.

மாடலிலும் அதே அமைப்பு உண்டு. சக்கரம் சுற்றும் ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் இன்ஜின் தடுக்கினால் கரண்டைத் தேடாதீர்கள். ஏதோ ஓர் அச்சில் சக்கரம் நழுவிக் கிராங்கின் கோணம் பிசகியிருக்கும், பக்க ராட் வளைந்திருக்கும், அல்லது அச்சிலுள்ள பிளாஸ்டிக் பல்சக்கரம் விரிசல் விட்டிருக்கும். இங்கே இன்னொரு தவறான எண்ணமும் உண்டு: கோணம் அணுவும் பிசகாமல் 90 இருக்க வேண்டும் என்பது. மோட்டாரால் ஓடும் மாடலுக்கு 88 இருந்தாலும் ஓடும், எல்லா அச்சிலும் அதே 88 இருந்தால். ஓர் அச்சு மட்டும் வேறாக இருந்தால் ராடுகள் ஒன்றையொன்று இழுக்கும். அதற்காக ராடின் துளையை அரத்தால் பெரிதாக்குகிறவர்கள் இருக்கிறார்கள். நோயை மறைக்கும் வேலை அது. ஆட்டம் கூடிக் கிராங்க் பின்னும் தேயும்.

சோதிக்க விரலால் இன்ஜினைத் தள்ளாதீர்கள். மோட்டாரின் சுழற்சியை அச்சுக்குக் கடத்தும் வார்ம் கியரைச் சக்கரத்தின் பக்கமிருந்து திருப்ப முடியாது, பல்தான் உடையும். மோட்டாரைக் கழற்றிவிட்டு, அடிச்சட்டத்தைச் சாய்த்த கண்ணாடிப் பலகையில் உருள விடுங்கள். நின்றால், ராடுகளை எடுத்துவிட்டு மறுபடி உருட்டுங்கள். இப்போது தடையில்லாமல் இறங்கினால் குற்றவாளி ராடோ கோணமோதான். வளைவில் மட்டும் தடுமாறினால் இன்ஜினை விட்டுவிட்டுத் தண்டவாள அகலத்தை அளந்து பாருங்கள்.

இவ்வளவும் பார்த்த பிறகும் விந்தி ஓடினால், அப்போது மோட்டாருக்கு ஆர்டர் போடுங்கள்.