கட்டற்ற மென்பொருளுக்கும் ஒரு கட்டு உண்டு

2020ஆம் ஆண்டு, கொவிட்-19 கிருமித்தொற்றுக் காலம். பட்டம் பெற்ற கையோடு நண்பர்கள் இருவர் ஆங் மோ கியோ தொழிற்பேட்டையில் ஒரு சிறிய மென்பொருள் நிறுவனம் தொடங்கியதாக வைத்துக்கொள்வோம். தன் ஊழியர்களில் யார் யார் அருகருகே இருந்தார்கள் என்பதைப் பதிவு செய்யும் செயலி வேண்டும் என்று பக்கத்துத் தொழிற்சாலை கேட்கிறது. புதிதாக எழுதப் பல மாதங்கள் ஆகும். அதற்கான நிரலோ இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. அதை எடுத்து, மாற்றி, விற்கலாமா?

நண்பர்கள் கற்பனை, நிரல் உண்மை. அரசாங்கத் தொழில்நுட்ப அமைப்பான கவ்டெக், 20 மார்ச் 2020 அன்று டிரேஸ்டுகெதர் செயலியை வெளியிட்டது. அடுத்த மாதமே அதன் அடிப்படை நிரலை 'ஓப்பன்டிரேஸ்' என்ற பெயரில், குனு பொது உரிமத்தின் (ஜிபிஎல்) மூன்றாம் பதிப்பின்கீழ் அனைவருக்கும் திறந்துவிட்டது. செயலியின் பயன்பாடு பிப்ரவரி 2023இல் முடிவுக்கு வந்தது. அது விட்டுச்சென்ற பாடம் இன்றும் நமக்கு உதவும்.

இலவசம் வேறு, கட்டற்றது வேறு

ஆங்கிலத்தில் 'ஃப்ரீ' என்ற ஒரே சொல் விலையின்மையையும் சுதந்திரத்தையும் குறிக்கிறது. தமிழில் 'இலவசம்', 'கட்டற்றது' என இரண்டு சொற்கள் இருப்பதால் நமக்கு அந்தக் குழப்பம் தேவையில்லை. 1983இல் குனு திட்டத்தை அறிவித்த ரிச்சர்ட் ஸ்டால்மன் வலியுறுத்தியது சுதந்திரத்தையே. எந்தத் தேவைக்கும் இயக்கலாம், படித்துப் பார்த்துத் திருத்தலாம், படியெடுத்துப் பிறருக்குக் கொடுக்கலாம், திருத்தியதையும் கொடுக்கலாம். இந்த நான்கில் எதுவும் விலையைப் பற்றிப் பேசவில்லை. ஆகவே, விற்கத் தடையில்லை.

உரிமத்தின் இரு வகைகள்

நிரலை எழுதியவருக்கே பதிப்புரிமை உண்டு. அவர் பிறருக்குத் தரும் அனுமதியே உரிமம். எம்ஐடி, பிஎஸ்டி போன்ற உரிமங்கள் குறைவாகவே கேட்கின்றன: எழுதியவரின் பதிப்புரிமைக் குறிப்பையும் உரிமத்தின் வாசகத்தையும் நீக்காமல் வைத்திருங்கள், போதும். ஜிபிஎல் இன்னொரு படி மேலே போகிறது. திருத்திய மென்பொருளை ஒருவருக்குக் கொடுத்தால், மூலநிரலையும் அவருக்கு அதே உரிமத்தின்கீழ் கொடுக்க வேண்டும். சொந்த அலுவலகத்துக்குள் மட்டும் பயன்படுத்தினால் இந்தக் கடமை இல்லை.

இப்போது நம் நண்பர்களிடம் திரும்புவோம். அவர்கள் தொழிற்சாலையிடம் எத்தனை வெள்ளி வேண்டுமானாலும் கேட்கலாம். ஆனால் மூலநிரலைத் தர வேண்டும். நாளை தொழிற்சாலை அதை வேறொரு நிறுவனத்திடம் கொடுத்துத் திருத்தச் சொன்னால் தடுக்க முடியாது. 'இந்த நிரல் முழுவதும் எங்கள் தனிச்சொத்து' என்று ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டால்தான் ஆபத்து. அது வாக்குத் தவறுவது மட்டுமன்று, பதிப்புரிமை மீறலும் ஆகும்.

பெரிய நிறுவனங்களுக்கும் இது நேர்ந்திருக்கிறது. சிஸ்கோ 2003இல் வாங்கிய லிங்க்சிஸ் நிறுவனத்தின் வீட்டு ரவுட்டர்களுக்குள் லினக்ஸ் நிரல் இருந்தது. மூலநிரல் முறையாக வழங்கப்படவில்லை என்று கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை டிசம்பர் 2008இல் வழக்குத் தொடுத்தது. மறு ஆண்டு மே மாதம் அது சமரசத்தில் முடிந்தது. அதற்கு முன்பே வெளியான மூலநிரலை அடித்தளமாகக் கொண்டு, 'ஓப்பன்டபிள்யூஆர்டி' என்ற புதிய மென்பொருளைத் தன்னார்வலர்கள் உருவாக்கியிருந்தனர்.

அப்படியானால் வருமானம் எங்கிருந்து வரும்? பராமரிப்பு, பயிற்சி, திருத்தம், பிழை நேர்ந்தால் பொறுப்பேற்கும் உறுதி ஆகியவற்றிலிருந்து வரும். இவற்றையே தொழிலாகக் கொண்ட ரெட் ஹேட் நிறுவனத்தை, ஐபிஎம் 2019இல் ஏறத்தாழ 34 பில்லியன் அமெரிக்க டாலருக்கு வாங்கியது.

மாணவர்களாகிய நாம் கவனிக்க வேண்டியது இன்னொன்றும் உண்டு. நம்மில் ஒருவர் தமிழ்ச் சொல் விளையாட்டு ஒன்றை எழுதி, உரிமம் எதுவும் குறிப்பிடாமல் இணையத்தில் போட்டுவிட்டுப் பட்டம் பெற்றுச் சென்றுவிடுகிறார். அதை யாரும் எடுத்துக்கொள்ளலாம் என்று நினைக்கிறோம். சட்டமோ எல்லா உரிமையும் அவரிடமே இருப்பதாகக் கொள்கிறது. அடுத்த ஆண்டு வரும் தம்பி, தங்கைகள் அதைத் திருத்தி வெளியிட அனுமதி இல்லாமல் நிற்பார்கள். ஓர் உரிமக் கோப்பைச் சேர்த்தால் அந்தத் தடை நீங்கும்.

பிறர் எழுதியதை எடுக்கும்முன் அதன் உரிமத்தைப் படிப்போம். நாம் எழுதியதைக் கொடுக்கும்போது உரிமத்தோடு கொடுப்போம்.