ஆடிக் காற்றும் புகைக் கூண்டும்

கோயமுத்தூரில் ஒரு வெல்டிங் பட்டறையில், பங்குனி மாதத்துப் புழுக்கத்தில் நான் அமைத்துக் கொடுத்து, ஊதுபத்தி கொளுத்திக் காட்டியபோது அதன் புகையைக் கடைசி இழைவரை விழுங்கித் திருப்தியளித்த உறிஞ்சு கூண்டு, ஆடி பிறந்ததும் சண்டித்தனம் செய்வதாகச் செய்தி வந்தபோது, மோட்டாரில்தான் கோளாறென்று எண்ணிக்கொண்டே போய்ச் சேர்ந்தேன். முதலாளியும் பெரிய மோட்டாருக்கு விலை விசாரித்து வைத்திருந்தார்.

அங்கே வெகுகாலமாக ராடு பிடித்துவரும் பெரியவர் ஒருவர், "மோட்டார மாத்தி என்னங்க சார் ஆகப்போகுது? மேக்கால ஷட்டர எறக்கிப்போட்டுப் பாருங்க" என்றார். இறக்கினோம். பாலக்காட்டுக் கணவாய் வழியே வந்து புகுந்த காற்று நின்ற மாத்திரத்தில், அதுவரை பக்கவாட்டில் படுத்து ஓடிய புகை, நிமிர்ந்து கூண்டுக்குள் நுழைந்தது.

பிறகு கணக்குப் போட்டேன். முன்னமே போட்டிருக்க வேண்டும். ஊதும் காற்று, குழாய் வாயின் விட்டத்தைப்போல் முப்பது மடங்கு தூரம் சென்றும் தன் வேகத்தில் ஏறக்குறைய பத்திலொரு பங்கைக் காப்பாற்றிக்கொள்ளும். உறிஞ்சும் காற்றோ ஒரு விட்டத் தூரத்திலேயே அவ்வளவுக்குத் தேய்ந்துபோகும். 30 சென்டிமீட்டர் வாயில் விநாடிக்கு 7 மீட்டர் வேகத்தில் இழுத்த என் கூண்டுக்கு, அதே 30 சென்டிமீட்டர் தள்ளி ராடு எரியும் இடத்தில் மிஞ்சியது அரை மீட்டர் வேகமே. ஷட்டர் வழியே வந்த காற்றுக்கோ இரண்டு மீட்டர் வேகம். அதே குழாயில் காற்றை இரட்டிப்பாக்க எட்டு மடங்கு மின்சக்தி தேவை. அத்தனை செலவு செய்தும் கிடைப்பது ஒரு மீட்டர்தான்!

ஷட்டரை நாள்முழுதும் மூடிவைத்தால் மனிதர் வெந்துபோவர். ஆகையால் மேற்குப் பக்கம் ஒரு தகரத் தடுப்பை நிறுத்தி, கூண்டின் வாயைப் பாதித் தூரத்துக்கு இழுத்துவந்து, அதைச் சுற்றிலும் சாண் அகலத்தில் விளிம்புத் தகடு வைத்தோம். தூரம் பாதியானால் இழுக்கும் வேகம் மூன்று மடங்குக்கு மேல் ஏறும். விளிம்போ, பின்புறத்திலிருந்து வீணே வரும் காற்றைத் தடுத்து, ஏறத்தாழ கால் பங்கு காற்றை மிச்சப்படுத்தும்.

எஞ்சியது பெரியவரின் பெடஸ்டல் ஃபேன். முதுகுக்குப் பின்னால் அதை வைத்தால், உடலைச் சுற்றிவரும் காற்று மார்புக்கு முன்னே சுழித்துப் புகையை முகத்துக்கே ஏற்றிவிடும் என்பதைப் பத்திப் புகையில் காட்டினேன். அவர் மறுவார்த்தை பேசாமல், கூண்டு எதிர்ப்புறம் அமையும்படி ஃபேனைப் பக்கவாட்டில் நகர்த்தி, வேகத்தையும் ஒன்றுக்குக் குறைத்துவிட்டு, அடுத்த ராடை எடுத்தார்.