நேரிக் களத்தில் ஒரு பீரங்கி

வீரர் சரிதங்களைக் கற்குங்கால் இரண்டு பிழைகளுக்கு நாம் இடங்கொடுத்தல் ஆகாது. கேட்ட அளவில் வியந்து, பின்னர் மறந்துவிடுதல் ஒன்று. வியப்பு மிகுதியால் நடந்ததற்கு மேல் ஏற்றிக் கூறுதல் மற்றொன்று. முன்னது வீரனை மறக்கச் செய்யும். பின்னது அவனோடு நின்ற பிறரை மறக்கச் செய்யும். 1914ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் 1ஆம் தேதி பிரான்சு தேசத்திலுள்ள நேரி என்னும் சிற்றூரில் உயிர்நீத்த காப்டன் எட்வர்டு கிண்டர் பிராட்பரியின் வரலாற்றை இவ்விரு பிழையுமின்றி ஈண்டு நோக்குவோம்.

பிராட்பரி 1881ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் ஆல்ட்ரிங்காம் என்னும் ஊரிற் பிறந்தார். மார்ல்பரோக் கல்லூரியிற் பயின்று, பின்னர் உல்லிச் இராணுவக் கலாசாலையிற் பயிற்சி பெற்று, 1900ஆம் ஆண்டிற் பீரங்கிப்படை உத்தியோகஸ்தரானார். மகா யுத்தம் தொடங்கியபொழுது அவர் குதிரைப் பீரங்கிப்படையின் 'எல்' பாட்டரியைச் சேர்ந்திருந்தார்.

குதிரைப் பீரங்கிப்படை என்பது குதிரைச் சேனையோடு விரைந்து செல்லும் இலகுவான பீரங்கிகளையுடைய படை. ஒரு பாட்டரிக்குப் பீரங்கி ஆறு. ஒவ்வொன்றையும் ஆறு குதிரைகள் இழுத்துச் செல்லும். குறி பார்ப்பவர் ஒருவர், குண்டு இடுபவர் ஒருவர், வண்டியிலிருந்து குண்டுகளைக் கொணர்பவர் சிலர் என வேலை பகுக்கப்பட்டிருக்கும். ஒருவர் கை ஓய்ந்தால் பீரங்கியே ஓய்ந்துவிடும் என்பதை வாசகர் நினைவிற் கொள்வாராக.

மான்ஸ் போருக்குப் பின் பிரிட்டிஷ் சேனை ஆகஸ்டு 24 முதல் தெற்கு நோக்கிப் பின்வாங்கிக்கொண்டிருந்தது. முதற் குதிரைப் பிரிகேடும் 'எல்' பாட்டரியும் 31ஆம் தேதி இரவு கோம்பியேன் நகருக்குத் தெற்கேயுள்ள நேரியில் தங்கின. விடியலிற் புறப்படுவதாக இருந்தும், அடர்ந்த மூடுபனியாற் பயணம் தாமதித்தது. குதிரைகள் சேணம் பூட்டப்பெற்று நின்றன. சில நீர் பருகச் சென்றிருந்தன. அவ்வேளையில், கிழக்கேயுள்ள மேட்டில், ஆயிரம் கஜத்திற்கும் குறைந்த தொலைவில், ஜெர்மானியக் குதிரைச் சேனையின் பன்னிரண்டு பீரங்கிகள் ஒருங்கே முழங்கின. சில நிமிஷங்களிற் குதிரைகள் குவியல் குவியலாய் மடிந்தன. பாட்டரித் தலைவர் அடிபட்டு உணர்விழந்தார்.

அப்பொழுது பிராட்பரி பீரங்கிகளுக்குத் துணைவருமாறு வீரரை அழைத்து முன்னோடினார். மூன்று பீரங்கிகளே பகைவரை நோக்கித் திருப்பப்பட்டன. அவற்றுள் இரண்டு விரைவில் அடங்கின. எஞ்சிய ஒன்றனைப் பிராட்பரியும், சார்ஜண்டு மேஜர் டாரலும், சார்ஜண்டு நெல்சனும், வேறு சிலரும் இடைவிடாது இயக்கினர். குண்டு கொணர்வார் வீழ்ந்தபின் அவ்வேலையை யார் செய்வது? பிராட்பரி தாமே அதனை மேற்கொண்டார். வெட்டவெளியிற் குண்டுவண்டிக்குச் சென்றபொழுது ஒரு குண்டு அவர் காலைத் துணித்துவிட்டது. அந்நிலையிலும் உயிர் பிரியுமட்டும் ஏவல் கூறிக்கொண்டிருந்தார். பலத்த காயமுற்ற நெல்சனும், டாரலும் குண்டுகள் யாவும் தீருமட்டும் சுட்டனர்.

ஒற்றைப் பீரங்கி பன்னிரண்டை வென்றது எனச் சிலர் கூறுவதுண்டு. அஃது உண்மையன்று. பேஸ் குதிரைப் படையினரும் பதினோராம் ஹுஸார் படையினரும் இயந்திரத் துப்பாக்கிகளாற் பகைவரைத் தாக்கினர். ஐந்தாம் டிராகூன் காவற்படை பகைவரின் பக்கத்தை வளைந்தது. அதன் தளபதி கர்னல் ஆன்ஸெல் அங்கு வீழ்ந்தார். எட்டு மணியளவில் 'ஐ' பாட்டரியும் வேறு துணைப்படைகளும் வந்து சேரவே, ஜெர்மானியர் எட்டுப் பீரங்கிகளைக் களத்திலே விட்டு அகன்றனர். அதுவரை பகைவரின் குண்டுமாரியைத் தன்மேல் ஈர்த்துப் பிறர் அணிவகுக்க அவகாசம் தந்ததே அவ்வொற்றைப் பீரங்கி செய்த உபகாரம். அதன்பொருட்டு 'எல்' பாட்டரி கொடுத்த விலையோ பெரிது. அதன் உத்தியோகஸ்தர் ஐவருள் காயமோ மரணமோ எய்தாதார் ஒருவருமிலர்.

பிராட்பரி, டாரல், நெல்சன் மூவருக்கும் விக்டோரியா சிலுவை அளிக்கப்பட்டது. பிராட்பரியின் உடல் நேரி ஊர்க் கல்லறைத் தோட்டத்திலேயே அடக்கம் செய்யப்பட்டது. நெல்சன் உத்தியோகஸ்தராக உயர்ந்து, மேஜர் பதவியிலிருக்கையில் 1918ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் போர்க்காயத்தால் இறந்தார். டாரல் 1971வரை வாழ்ந்தார். அப்பீரங்கி இலண்டன் ஏகாதிபத்திய யுத்தப் பொருட்காட்சிச் சாலையைச் சேர்ந்துள்ளது.

யுத்தத்தை நாம் போற்றவில்லை. அன்று மேட்டின்மேல் மடிந்த ஜெர்மானியரும் தாய் பெற்ற மக்களே. ஆயினும் இச்சரிதத்தில் மாணவர் கற்கவேண்டியது ஒன்றுண்டு. ஏவுதற்குரிய பதவியிலிருந்த ஒருவர், ஆளில்லாதபொழுது கடைசிச் சிப்பாயின் சுமையைத் தாமே சுமந்தார், அப்பணியிலே மாண்டார். நாளை நம்முள் சிலர் ஆசிரியராவர், சிலர் வைத்தியராவர், சிலர் அதிகாரிகளாவர். 'இது என் வேலையன்று' எனும் சொல் நாவின் நுனிக்கு வரும் நாளும் வரும். அந்நாளில், பிராட்பரி குண்டுவண்டியை நோக்கி நடந்த அச்சில அடிகளை நாம் நினைவுகூர்தல் வேண்டும்.