எண்ணூர் கழிமுகமும் குப்பங்களும்



வண்ணாரப்பேட்டையில் பஸ் ஏறினால் கொஞ்ச நேரத்தில் எண்ணூர். ஆனால் அந்த நிலத்தின் அமைப்பை நம்மில் எத்தனை பேர் கவனித்திருப்போம்? எங்க வீட்டில் டிப்ளமோ படிக்க வந்த முதல் ஆள் நான். சர்வே வகுப்பில் கற்றதை வைத்து இதை எழுதுகிறேன்.

நில அமைப்பு: கிழக்கே வங்கக் கடல். அடுத்து மணல்மேடு. அதன் பின்னால், 1806-ல் வெட்டத் தொடங்கிய பக்கிங்காம் கால்வாய். மேற்கிலிருந்து வரும் கொசஸ்தலை ஆறு எண்ணூரில் கடலில் கலக்கிறது. வடக்கே பழவேற்காடு ஏரி வரை உப்புநீர்த் தொடர்தான்.

குடியிருப்புகள்: நெட்டுக்குப்பம், தாழங்குப்பம், முகத்துவாரக்குப்பம் எல்லாம் முகத்துவாரத்தை ஒட்டியே இருக்கின்றன. காரணம் இருக்கு. கடல் கொந்தளித்தால் கழியில் வலை வீசலாம். மணலில் இறங்கும் மழைநீர், கனமான உப்புநீரின் மேல் நல்ல தண்ணீராக நிற்கும்.

மாற்றங்கள்: 1970-ல் எண்ணூர் அனல்மின் நிலையம் வந்தது; 2017-ல் மூடப்பட்டது. 1994-ல் வடசென்னை அனல்மின் நிலையம், 2001-ல் துறைமுகம். சாம்பலும் கொட்டிய மண்ணும் சேர்ந்து கழியின் ஆழம் குறைந்தது. 2023 டிசம்பர் வெள்ளத்தில் எண்ணெய் படர்ந்து படகும் வலையும் பாழாயின.

பூண்டி ஏரியின் உபரிநீருக்கும் இதுதான் வழி. 2021 நவம்பரில் அது திறந்துவிடப்பட்டபோது மணலி புதுநகர் மூழ்கியது. கழி தூர்ந்தால் தண்ணீர் வேறெங்கே போகும்? நம்ம வீடுகளுக்குள்தான்.

நாளை சைட்டில் லெவல் எடுக்கப்போவது நாம்தான். பிளானில் கட்டடத்தைக் குறிக்கும் முன், தண்ணீர் போகும் வழியையும் அங்கே குடியிருப்பவர்களையும் குறிப்போம்.