25 மீட்டர் தூரத்து நம்பர் பிளேட்: கிட்டப்பார்வைக்குக் கண்ணாடியா, லென்ஸா, லேசரா?

எல்.எல்.ஆர். எடுக்க பரிவாஹன் இணையதளத்தில் விண்ணப்பித்தவர்களுக்குப் படிவம் 1 நினைவிருக்கும். உடல்தகுதி பற்றி நாமே உறுதிமொழி தரும் படிவம் அது. அதில் ஒரு கேள்வி: நல்ல பகல் வெளிச்சத்தில், 25 மீட்டர் தூரத்தில் நிற்கும் காரின் நம்பர் பிளேட்டை ஒவ்வொரு கண்ணாலும் பார்த்து அறிய முடிகிறதா? நம்மில் பலர் இதைப் படிக்காமலேயே ‘ஆம்’ என்று டிக் அடித்துவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விடுகிறோம். நானும் அப்படித்தான் போனேன். அப்போது என் இடது கண்ணில் மைனஸ் 3. கண்ணாடியோ பீரோவுக்குள் இருந்தது.

கண்ணாடி போடுபவர் அதைப் போட்டுக்கொண்டே பார்க்கலாம் என்று அந்தக் கேள்வியிலேயே இருக்கிறது. எனவே கண்ணாடி போட்டால் லைசென்ஸ் கிடைக்காது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். இன்றைக்கே தெருவில் செய்து பாருங்க. 25 மீட்டர் என்பது சாதாரண நடையில் ஏறக்குறைய 35 எட்டு. ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு பாருங்கள், பிறகு மற்றக் கண்ணை. இரண்டு கண்ணாலும் சேர்த்துப் பார்த்தால் நல்ல கண் மங்கிய கண்ணின் குறையை மறைத்துவிடும். பல பேருக்கு ஒரு கண் மங்கலாக இருப்பதே வருஷக்கணக்கில் தெரியாமல் போவது இதனால்தான்.

கிட்டப்பார்வை என்றால் கிட்டத்தில் தெரியாது என்று சிலர் நினைக்கிறார்கள். விஷயம் நேர்மாறு. கிட்ட இருப்பது தெரியும், எட்ட இருப்பது கலங்கும். பெரும்பாலானவர்களுக்குக் காரணம், கண்விழி முன்பின்னாகக் கொஞ்சம் நீண்டு வளர்ந்துவிடுவது. தூரத்து ஒளி விழித்திரையில் போய்க் குவியாமல் அதற்கு முன்னாலேயே குவிந்துவிடுகிறது. குழி லென்ஸ் அதைப் பின்னால் தள்ளிக் கொடுக்கிறது. சீட்டில் பவருக்கு முன்னால் மைனஸ் குறி வருவது அதனால்தான்.

அந்த எண் என்ன சொல்கிறது என்பதை உங்கள் போனை வைத்தே புரிந்துகொள்ளலாம். கண்ணாடியைக் கழற்றி ஒரு கண்ணை மூடிக்கொள்ளுங்கள். ஏதாவது ஒரு குறுஞ்செய்தியைத் திறந்து, முகத்துக்குப் பக்கத்திலிருந்து போனை மெல்லத் தள்ளிக்கொண்டே போங்கள். எழுத்தின் ஓரம் கலங்க ஆரம்பிக்கும் இடத்தில் நிறுத்தி, கண்ணுக்கும் போனுக்கும் உள்ள தூரத்தை வீட்டில் யாரையாவது தையல் டேப்பால் அளக்கச் சொல்லுங்கள். 100-ஐ அந்த சென்டிமீட்டரால் வகுத்தால் வருவது தோராயமாக உங்கள் பவர். 50 செ.மீ. என்றால் மைனஸ் 2, 25 செ.மீ. என்றால் மைனஸ் 4. ஒன்றுக்கும் கீழே உள்ள பவருக்குக் கை எட்டாது. சிலிண்டர் பவர் இருந்தால் கணக்கு பிசகும். ஆகவே இதை வைத்துக் கண்ணாடி வாங்கக் கூடாது. கண்ணாடி இல்லாமல் உங்கள் உலகம் எத்தனை தூரத்தில் முடிகிறது என்று தெரிந்துகொள்ள மட்டும்தான் இது.

அந்த தூரம் தெரிந்தால்தான் உங்கள் வேலைக்கு எது பொருந்தும் என்று யோசிக்க முடியும். மைனஸ் 2.5 உள்ள ஒரு தையல்காரரை எடுத்துக்கொள்ளுங்கள். கண்ணாடி இல்லாமல் அவருக்கு 40 செ.மீ. வரை தெளிவாகத் தெரியும். ஊசியும் நூலும் இருப்பது அந்த இடத்தில்தான். நாற்பது வயதுக்கு மேல் மற்றவர்கள் ஊசியில் நூல் கோர்க்கப் படிக்கிற கண்ணாடியைத் தேடும்போது, இவர் போட்டிருக்கிற கண்ணாடியைக் கழற்றினால் போதும். இவர் லேசர் செய்து தூரத்துக்குப் பார்வையைச் சரிசெய்துகொண்டால் அந்த வசதி போய்விடும். அதே பவர் உள்ள லாரி ஓட்டுநருக்கோ தூரம்தான் பிழைப்பு. போக்குவரத்து வாகன உரிமத்துக்கும், நாற்பது வயதைக் கடந்தவர்களுக்கும் படிவம் 1ஏ-யில் மருத்துவர் சான்றும் தேவை. இரண்டு பேருக்கும் எண் ஒன்றுதான், யோசனை ஒன்றாக இருக்க முடியாது.

கண்ணாடி வேண்டாம் என்கிறவர்கள் சொல்லும் முதல் காரணம், ‘போட்டா பவர் ஏறிடும்’ என்பது. ஏறாது. வளரும் வயதில் கண் நீள்வதால் பவர் ஏறுகிறது. கண்ணாடி போட்டாலும் ஏறும், போடாவிட்டாலும் ஏறும். பவரைக் குறைத்துக் கொடுத்தால் ஏறாமல் நிற்கும் என்பதும் சரியல்ல. குழந்தைகள் தினமும் வெளியில், பகல் வெளிச்சத்தில் விளையாடுவது கிட்டப்பார்வை வராமல் தடுக்க உதவுகிறது என்பது ஆய்வுகளில் தெரிந்த விஷயம். சில பிள்ளைகளுக்கு வேகமாக ஏறும் பவரைக் கட்டுப்படுத்த மருத்துவர் மிகக் குறைந்த அளவு அட்ரோபின் சொட்டு மருந்து எழுதுவதும் உண்டு. கரும்பலகையைப் பார்த்து எழுதாமல் பக்கத்துப் பிள்ளையின் நோட்டைப் பார்த்து எழுதுகிற குழந்தையைத் திட்டுவதற்கு முன்னால், பள்ளிக்கு வரும் மருத்துவக் குழுவிடமோ அரசு மருத்துவமனைக் கண் பிரிவிலோ காட்டுங்கள். பரிசோதனைக்கு விழியை விரிக்கும் சொட்டு போட்டால் சில மணி நேரம் கிட்டத்து எழுத்து மங்கும், வெயில் கூசும். பெரியவர்களுக்குப் போட்டாலும் அப்படித்தான். அன்றைக்கு நீங்களே வண்டி ஓட்டிக்கொண்டு திரும்ப வேண்டாம்.

சீட்டு கைக்கு வந்ததும் போனில் படம் எடுத்து வையுங்கள். ஸ்பியர், சிலிண்டர், ஆக்சிஸ் என்று மூன்று கட்டங்கள் இருக்கும். சிலிண்டர் இருந்தால் ஆக்சிஸ் மிக முக்கியம். ஒருமுறை எனக்கு லென்ஸை வேறு ஆக்சிஸில் பொருத்திவிட்டார்கள். ஒரு வாரம் தலைவலி. ‘புதுக் கண்ணாடி, பழகிடும்’ என்றே கடையில் சொல்லிக்கொண்டிருந்தார்கள். சீட்டின் படத்தைக் காட்டி லென்ஸை மெஷினில் வைத்துப் பார்க்கச் சொன்ன பிறகுதான் தவறு தெரிந்தது. ஆன்லைனில் வாங்குவதானால் இரு கண்மணிகளுக்கும் இடையேயுள்ள தூரத்தையும் கேட்டு எழுதி வாங்குங்கள். மேலே தூரத்துக்கும் கீழே படிக்கவுமான புரோகிரசிவ் லென்ஸ் என்றால், ஃபிரேமை முகத்தில் மாட்டி அளவெடுக்கும் கடைதான் நல்லது.

கான்டாக்ட் லென்ஸ் பற்றிச் சுருக்கமாக: கை கழுவாமல் தொடாதீர்கள், குழாய்த் தண்ணீரில் கழுவாதீர்கள், போட்டுக்கொண்டு தூங்காதீர்கள். கண் சிவந்து வலித்தால் உடனே கழற்றிவிட்டு மருத்துவரிடம் போங்கள். கருவிழியில் தொற்று வந்தால் பார்வையே போகலாம். தூசியில் நாள் முழுக்க பைக் ஓட்டும் வேலை என்றால் ஹெல்மெட்டுக்குள் மெல்லிய கம்பிக் கண்ணாடியே சௌகரியம் என்பது என் கருத்து.

இனி லேசர். ‘கல்யாணத்துக்கு முன்னாடி பொண்ணுக்குப் பண்ணிடலாம்’ என்று வரன் பார்க்கும் அவசரத்தில் முடிவெடுக்கிற வீடுகள் நிறைய. 18 வயது நிறைய வேண்டும்; பவர் ஒரு வருஷமாவது மாறாமல் நிற்க வேண்டும். கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மாரும் தள்ளிப்போட வேண்டும். கருவிழியின் தடிமனையும் வடிவத்தையும் ஸ்கேன் செய்து பார்ப்பார்கள். கருவிழி மெலிந்தோ கூம்பியோ இருந்தால் செய்யக் கூடாது என்று சொல்லிவிடுவார்கள். அப்படிச் சொல்கிற மருத்துவமனை உங்களுக்கு நல்லதுதான் செய்கிறது. சிலருக்குக் கண்ணுக்குள் வைக்கும் லென்ஸ் வேறு வழியாக இருக்கலாம். லேசருக்குப் பின் சில மாதங்கள் கண் உலர்வதும், இரவில் விளக்கைச் சுற்றி ஒளிவட்டம் தெரிவதும் பலருக்கு உண்டு. இரவுப் பணி ஓட்டுநர்கள் இதைக் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகே தேதி குறிக்க வேண்டும். பணம் கட்டும் முன் இன்னொன்று: மருத்துவக் காப்பீட்டில் 7.5-க்குக் குறைவான பவருக்குச் செய்யும் பார்வைத் திருத்தச் சிகிச்சை விலக்கு என்பது பொதுவான விதி. பாலிசியைத் திறந்து பாருங்கள்.

லேசர் கருவிழியின் வளைவை மாற்றுகிறதே தவிர, நீண்ட கண்ணைக் குட்டையாக்குவதில்லை. கண்ணாடி போய்விடும், கிட்டப்பார்வைக் கண் அப்படியேதான் இருக்கும். மைனஸ் 6-க்கு மேல் இருந்தவர்களுக்கு விழித்திரை மெலிந்து கிழிகிற ஆபத்து மற்றவர்களைவிட அதிகம். லேசர் செய்துகொண்ட பிறகும் அந்த ஆபத்து குறைவதில்லை. ‘எனக்குத்தான் பார்வை நல்லா இருக்கே’ என்று கண் மருத்துவரை மறந்துவிடுவது இவர்கள்தான். பார்வையில் திடீரென மின்னல் வெட்டினாலோ, கரும்புள்ளிகள் கூட்டமாக மிதந்தாலோ, ஓரத்திலிருந்து திரை விழுவது போல மறைத்தாலோ அன்றைக்கே கண் மருத்துவமனைக்குப் போக வேண்டும். வலி இருக்காது, அதனால்தான் ஆட்கள் நாளைக்குப் பார்க்கலாம் என்று இருந்துவிடுகிறார்கள். எங்கே போவது என்று தெரியாவிட்டால் 104-க்கு போன் செய்து கேளுங்கள்.

லேசர் செய்துகொள்பவர்கள் பழைய சீட்டையும் ஸ்கேன் அறிக்கையையும் தூக்கிப் போட வேண்டாம். வயதான பிறகு கண்புரை அறுவைச் சிகிச்சை வரும்போது, உள்ளே வைக்கும் லென்ஸின் பவரைக் கணக்கிட அந்தப் பழைய எண்கள் உதவும். தாள் முப்பது வருஷம் தாங்காது. படம் எடுத்து டிஜிலாக்கரில் ஏற்றி வையுங்கள். போன் மாறினாலும் சீட்டு இருக்கும்.