நெல் கொள்முதலுக்கு நாள் பதிவும் நாணயமும்

நாற்றங்கால் தயாரிப்பது, மேலுரம் இடுவது, புகையானைக் கட்டுப்படுத்துவது என்று விளைவிப்பதைப் பற்றியே பெரும்பாலும் நாம் பேசுகிறோம். விளைந்த நெல்லை விற்க நாள் கேட்டுப் பெறுவதும் ஒரு பயிர்த்தொழில் வேலைதான் என்பதை அவ்வளவாக நினைப்பதில்லை. நாலு மாதம் பாடுபட்ட நெல் கொள்முதல் நிலையத்தின் வாசலில் நனைந்து முளைவிட்டால், யூரியாவை எத்தனை தவணையாகப் பிரித்து இட்டோம் என்பதற்கு என்ன பொருள்?

தமிழ்நாடு நுகர்பொருள் வாணிபக் கழகம் 2021–22 கொள்முதல் பருவத்தில் இணையவழி முன்பதிவு முறையைக் கொண்டுவந்தது. உழவர் தம் பெயர், ஆதார் எண், புல எண், வங்கிக் கணக்கு எண் ஆகியவற்றைப் பதிவு செய்கிறார். கிராம நிர்வாக அலுவலர் சாகுபடி விவரத்தைச் சரிபார்க்கிறார். பின்னர் எந்த நிலையத்திற்கு எந்த நாளில் நெல் கொண்டுவர வேண்டும் என்பது கைப்பேசிக்குக் குறுஞ்செய்தியாக வருகிறது. இம்முறை வந்த புதிதில் உழவர்களிடையே மனக்குறைகள் எழுந்தன. இணையம் தெரியாதவர் என்ன செய்வார் என்ற கேள்வியில் நியாயம் உண்டு. ஆனால் வாசலில் இரவு பகலாகக் காவல் கிடப்பதைவிட நாள் குறித்துச் செல்வது மேல் என்பதில் ஐயமில்லை. கேடு முறையில் இருப்பதைவிட அதை நாம் கையாளும் விதத்தில்தான் அதிகம் இருக்கிறது என்பது என் கருத்து.

இது நமக்கு முற்றிலும் புதிதும் அன்று. முண்டியம்பாக்கம், பெரியசெவலை ஆலைகளுக்குக் கரும்பு அனுப்பியவர்கள் வெட்டு உத்தரவு என்றால் என்ன என்று அறிவார்கள். நட்ட தேதியைப் பதிவு செய்து, முற்றிய வரிசையில் உத்தரவு வாங்கி, வெட்டிய கரும்பைச் சுணங்காமல் ஆலைக்குச் சேர்ப்பது இம்மாவட்டத்தில் பழகிய வழக்கம். 2020 ஏப்ரலில், பொதுமுடக்கக் காலத்தில், ரேஷன் கடைகளில் நாளும் நேரமும் எழுதிய டோக்கன் வீடு தேடி வந்தது. அதே காலத்தில் நகரங்களில் மளிகைச் சாமான்களை வீட்டிற்கு வரவழைப்பவர்கள், கைப்பேசியில் ஒரு நேரம் கிடைக்குமா என்று நள்ளிரவில் விழித்திருந்து பார்த்தார்கள். இங்கிலாந்திலும் பெரிய கடைகள் நேரம் கொடுக்க முடியாமல் திணறி, முதியோருக்கும் நோயாளிகளுக்கும் முதலிடம் ஒதுக்கின. தேவைக்கு மேல் ஒருவர் பிடித்து வைத்துக்கொண்ட நேரம் இன்னொருவர் வீட்டு அரிசிப் பானையைக் காலியாக்கியது. மளிகைக்கு நாள் தவறினால் மறுநாள் வாங்கிக்கொள்ளலாம். களத்தில் கிடக்கும் நெல் அப்படிக் காத்திராது.

திருவாமாத்தூர்ப் பக்கம் நடந்தது

திருவாமாத்தூர்ப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில் ஒரு சம்பா அறுவடையின்போது நேரில் கண்டதைச் சொல்கிறேன். ஒரு பெரியவர் அறுவடை இயந்திரம் பேசி முடிப்பதற்கு முன்பே நாள் பதிந்துவிட்டார். முந்திக்கொண்டால் நல்லது என்ற எண்ணம். இயந்திரமோ வேறு ஊரில் சேற்றில் சிக்கிக்கொண்டது. குறித்த நாளன்று அவர் நெல் இன்னும் வயலில் நின்றது. கொள்முதல் நிலையத்தில் நண்பகல் வரை தராசு சும்மா இருந்தது. அதே ஊரில் ஓர் இளைஞர் நாலு நாள் முன்னதாகவே அறுத்து, காயவைத்து, சாலையோரம் குவித்திருந்தார். அவருக்குக் குறித்த நாள் வர இன்னும் நாலு நாள் இருந்தது.

மூன்றாம் இரவு மழை பிடித்துக்கொண்டது. தார்ப்பாய்க்கு அடியில் நீர் புகுந்து குவியலின் அடிநெல் ஊறிவிட்டது. விற்கப் போனபோது மேல்நெல் தேறியது. அடிநெல் முளைத்திருந்தமையால் தேறவில்லை. அதை வியாபாரியிடம் கிடைத்த விலைக்குத் தள்ளினார்.

அன்று மாலை டீக்கடையில் இருவரும் பேசிக்கொண்டது இது. “ஏன் அண்ணே, மிசின் வரலைன்னு முந்தின நாளே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, அன்னைக்கு நான் ஏத்திக்கிட்டு வந்திருப்பேனே” என்றார் இளைஞர். பெரியவர் தலையைக் குனிந்துகொண்டு, “யாருகிட்ட சொல்றதுன்னு தெரியல தம்பி” என்றார்.

பின்னர் பட்டியல் எழுத்தரைக் கேட்டேன். முந்தின நாளே தெரிந்திருந்தால் அடுத்தவரை அழைத்திருக்கலாம் என்றார். இளைஞரின் இழப்பில் மழைக்குப் பாதிப் பங்கு. சொல்லாமற்போன ஒரு வார்த்தைக்குப் பாதிப் பங்கு. பெரியவர் யாரையும் ஏமாற்ற நினைத்தவர் அல்லர் என்பதையும் சேர்த்தே சொல்லவேண்டும்.

நாளைப் பயிரிடம் கேளுங்கள்

பக்கத்து வயல்காரர் பதிந்துவிட்டார் என்று நீங்களும் பதியக்கூடாது. வயலில் பாதிக்குமேல் கதிர் வெளிவந்து பூத்த நாளை நாட்காட்டியில் குறித்து வையுங்கள். அதிலிருந்து ஏறத்தாழ 30 நாளில் நெல் அறுவடைக்கு வரும். கதிரில் 80 விழுக்காடு மணிகள் வைக்கோல் நிறம் அடைந்திருப்பது சரியான அடையாளம். அறுவடைக்கு 7 முதல் 10 நாள் முன்பு தண்ணீரை வடித்துவிட வேண்டும். வடிக்காத வயலில் டயர் வண்டி இறங்காது. பெல்ட் வண்டிக்காகக் காத்திருக்க நேரும். பெரியவருக்கு நேர்ந்தது இதுவே.

ஆகவே வரிசை இப்படி இருக்கட்டும். முதலில் பூத்த நாள், அதைக் கொண்டு அறுவடை நாள், அந்த நாளுக்கு இயந்திரம், காய்வதற்கு வெயில் நாள் இரண்டோ மூன்றோ, அதன் பிறகே கொள்முதல் நாள். நாளை நீங்களே தேர்ந்தெடுக்க இடமிருந்தால் ஒருநாள் தள்ளியே கேளுங்கள். நெல் காத்திருப்பது ஒருநாள் என்றால் தாங்கும். தராசு உங்களுக்காகக் காத்திருந்தால் ஊரே காத்திருக்க வேண்டும்.

அடங்கலையும் சிட்டாவையும் கதிர் வந்ததுமே சரிபார்த்துக்கொள்வது நல்லது. அறுத்துக் குவித்த பிறகு புல எண்ணில் பிழை கண்டுபிடிப்பவர் பலர். குத்தகைக்குப் பயிரிடுவோர் சாகுபடிக் காலத்திலேயே கிராம நிர்வாக அலுவலரைப் பார்த்து, அடங்கலில் பயிரிடுபவர் பெயர் ஏறியிருக்கிறதா என்று கேட்டுக்கொள்ள வேண்டும். கடைசி வாரத்தில் இதைச் சரிசெய்வது கடினம்.

எத்தனை மூட்டை?

பதிவில் மிகுதியும் தவறு நேரும் இடம் இது. அறுவடை இயந்திரத்திலிருந்து கொட்டும் நெல்லைப் பார்த்து மூட்டை கணக்கிடுகிறோம். அந்த நெல்லில் ஈரம் மிகுதி. கொள்முதலுக்குரிய ஈரப்பத வரம்போ 17 விழுக்காடு. சில ஆண்டுகளில் மழை காரணமாக மத்திய அரசு இவ்வரம்பைத் தளர்த்தியதுண்டு; அதை நம்பிக் காயவைக்காமல் இருக்கக்கூடாது.

ஓர் ஏக்கரில் 23 விழுக்காடு ஈரத்துடன் 2,500 கிலோ நெல் கிடைத்தது என்று வைத்துக்கொள்வோம். அதில் நீர் நீங்கிய பொருள் 77 விழுக்காடு, அதாவது 1,925 கிலோ. இதை 17 விழுக்காடு ஈரத்திற்குக் காயவைத்தால் நிற்பது ஏறத்தாழ 2,320 கிலோ. 40 கிலோ மூட்டையாக 58 மூட்டை. ஈர நெல்லைக் கண்டு 62 என்று பதிந்தாலே கணக்குப் பிசகுகிறது. இருக்கட்டும் என்று 100 மூட்டை பதிபவரும் உண்டு. அப்படிப் பதிந்தால் 42 மூட்டைக்கான இடம் வெறுமனே கிடக்கும். வெறுமனே கிடப்பதோடு நின்றால்கூடப் பரவாயில்லை. அந்த 42 மூட்டையை நிரப்ப ஒரு வியாபாரி வருவார்.

அவர் வரும் வழி நீங்கள் அறிந்ததே. நாள் கிடைக்காமல் தவிக்கும் உழவரிடம் குறைந்த விலைக்கு நெல்லை வாங்கி, நாள் கிடைத்த உழவரின் சிட்டாவில் விற்பார். 2025–26 பருவத்தில் தமிழக அரசின் ஊக்கத்தொகையும் சேர்த்துக் குவிண்டாலுக்குச் சாதாரண ரகத்திற்கு 2,500 ரூபாய், சன்னரகத்திற்கு 2,545 ரூபாய் என்று விலை நிர்ணயிக்கப்பட்டது. மேற்சொன்ன 58 மூட்டையின் மதிப்பு, சாதாரண ரகமானால், 58,000 ரூபாய். குவிண்டாலுக்கு 400 ரூபாய் குறைத்து வியாபாரியிடம் கொடுத்தால் 9,280 ரூபாய் போயிற்று. சிட்டா கொடுத்தவருக்குக் கிடைத்திருப்பது அதில் ஒரு சிறு பங்கே. பக்கத்து வீட்டுக்காரரின் நட்டத்தில் நாம் எடுத்துக்கொண்ட கூலி அது என்று சொன்னால் கடுமையாகத் தோன்றலாம். வேறு எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. தவிர, ஆதாரும் வங்கிக் கணக்கும் உங்கள் பெயரில் இருப்பதால் விசாரணை வந்தால் பதில் சொல்லவேண்டியவரும் நீங்களே. திருவாமாத்தூர்க் கோயிலின் வட்டப்பாறையில் பொய்ச் சத்தியம் செய்ய இன்றும் நம் பக்கத்தில் அஞ்சுகிறார்கள். கைப்பேசியில் இல்லாத நெல்லை இருப்பதாகப் பதிய மட்டும் ஏனோ கை நடுங்குவதில்லை.

ஒரு நிலையத்தில் நாளொன்றுக்கு 800 மூட்டை எடை போடலாம் என்று கொண்டால், 58 மூட்டை உள்ள உழவர் பதின்மூன்று பேருக்கு மேல் ஒருநாளில் முடிக்க இயலாது. அவர்களுள் மூவர் சொல்லாமல் வராதுபோனால் 174 மூட்டைக்குரிய நேரம் வீண். சுமைதூக்கும் தொழிலாளருக்கும் அன்றைய கூலியில் அந்த அளவு குறைகிறது.

காய்ந்த நெல்லோடு செல்லுங்கள்

நாள் கிடைத்தும் ஈர நெல்லோடு போவது, வராமல் இருப்பதைவிடத் தொல்லை. நிலையத்து முற்றத்திலேயே பரப்பிக் காயவைக்கத் தொடங்கினால் பின்னால் வருபவரின் வண்டி நிற்க இடமிராது. ஆகவே வீட்டுக் களத்திலேயே 3 முதல் 5 செ.மீ. கனத்திற்குப் பரப்பி, அரைமணிக்கு ஒருமுறை கிளறிவிட்டுக் காயவையுங்கள். தை, மாசிப் பனியில் காய்ந்த நெல்லும் இரவில் ஈரம் இழுக்கும். மாலை நாலு மணிக்கே கூட்டிக் குவித்து, சூடு ஆறியபின் தார்ப்பாய் போட்டு மூட வேண்டும். சூட்டோடு மூடினால் உள்ளே வியர்த்துவிடும்.

ஈரப்பதமானி எல்லோரிடமும் இராது. நன்கு காய்ந்த கண்ணாடிச் சீசாவில் கால் பங்கு நெல்லும், அதில் பாதியளவு உலர்ந்த தூள் உப்பும் போட்டு மூடி, சில நிமிடம் குலுக்குங்கள். உப்பு சீசாவில் ஒட்டாவிட்டால் ஈரம் ஏறத்தாழ 15 விழுக்காட்டிற்கும் கீழே இருக்கிறது என்று கொள்ளலாம், துணிந்து ஏற்றலாம். ஒட்டினால் இன்னும் ஒரு வெயில் காட்டுவது நல்லது. பதர், தூசி, கல், மண் ஆகியவற்றுக்கும் வரம்பு உண்டு. மண், கல் 1 விழுக்காடு. வைக்கோல் துணுக்கு, களைவிதை போன்றவை 1 விழுக்காடு. முற்றாத, சுருங்கிய மணிகள் 3 விழுக்காடு. தூற்றாமல் கொண்டுபோய் அங்கே தூற்றும் ஒவ்வொரு மணிநேரமும் அடுத்தவருடைய நேரம்.

போக முடியாவிட்டால்

இயந்திரம் வரவில்லை, வீட்டில் துக்கம், வானம் மூடிக்கொண்டது என்று தடைகள் வரத்தான் செய்யும். 2024 டிசம்பர் முதல் நாளில் ஃபெஞ்சல் புயல் மயிலத்தில் ஒரே நாளில் 50 செ.மீ.க்கு மேல் கொட்டியதை நாம் மறந்திருக்க முடியாது. தடை வருவது குற்றமன்று. தடை வந்ததைச் சொல்லாமல் இருப்பதே பிழை.

பெரியவர் கேட்டாரே, யாரிடம் சொல்வது என்று. நிலையத்தின் பட்டியல் எழுத்தரிடம் சொல்ல வேண்டும். நிலையம் திறந்த அன்றே அவருடைய கைப்பேசி எண்ணைக் கேட்டு வாங்கி வாருங்கள். முந்தின நாள் மாலைக்குள் அழைத்து, பெயர், பதிவு எண், மூட்டை எண்ணிக்கை ஆகிய மூன்றையும் சொல்லி, வர இயலாது என்று தெரிவியுங்கள். உங்கள் ஊரில் நெல்லைக் குவித்துக் காத்திருப்பவர் யார் என்று தெரிந்தால் அவர் பெயரையும் சொல்லுங்கள். அவரை அழைப்பதா என்று முடிவு செய்யவேண்டியவர் எழுத்தரே. நாமாகப் பேசிக்கொண்டு ஒருவர் பதிவில் மற்றவர் நெல்லை இறக்கக் கூடாது. பணம் பதிவு செய்தவரின் கணக்கிற்கே போகும், பிறகு அண்ணன் தம்பிக்குள்ளேயே மனவருத்தம் வரும்.

இணையப் பதிவு தெரியாத முதியோருக்கும், தனியே பயிர் செய்யும் பெண்களுக்கும் படித்த பிள்ளைகள் பதிந்து கொடுக்கலாம். ஆனால் கைப்பேசி எண் அவரவருடையதாக இருக்கட்டும். பதிந்து கொடுத்த பிள்ளையின் எண்ணைப் போட்டுவிட்டு, அவன் சென்னைக்கு வேலைக்குப் போனபின் குறுஞ்செய்தி அங்கே போய்ச் சேர்ந்த கதை ஒன்றுக்கு மேல் உண்டு.

முன்பதிவு விதிகளும் வரம்புகளும் பருவத்திற்குப் பருவம் மாறக்கூடும். நாற்று விடும்போதே அவ்வாண்டு நடைமுறையை நிலையத்திலோ வேளாண்மை விரிவாக்க மையத்திலோ கேட்டறிந்து, பட்டியல் எழுத்தரின் எண்ணையும் உங்கள் பதிவு எண்ணையும் களத்துச் சுவரில் கரிக்கட்டியால் பெரிதாக எழுதி வையுங்கள். கைப்பேசியில் மின்சாரம் தீர்ந்த நாளிலும் அது கண்ணில் படும்.